"தோட்டம் அவருக்கு அத்துப்படி": மறதி நோயாளிகள் வழிதவறும் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊர்களில், டிமென்ஷியா எனும் மறதி நோய் வந்த பெரியவர் தனியாக வெளியே போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "இந்த எஸ்டேட் அவருக்கு அத்துப்படி, எங்க போனாலும் யாராவது கொண்டாந்து விட்டுருவாங்க" என்பார்கள். மற்ற தவறுகளெல்லாம் இந்த நம்பிக்கையிலிருந்தே தொடங்குகின்றன.

அவருக்கு அத்துப்படியான தோட்டம் நாற்பது வருஷத்துக்கு முந்தியது. அதில் பால்மரம் எனும் ரப்பர் மரம் இருந்தது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இருந்தது, விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, ஆட்கள் கூடும் இடம் இருந்தது. இப்போது லயத்தை இடித்துவிட்டார்கள், குடும்பம் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்கு வந்துவிட்டது, பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனை எனும் எண்ணெய்ப்பனை. ஏறக்குறைய 9 மீட்டருக்கு ஒரு மரம், ஹெக்டருக்குச் சுமார் 140 மரம். எந்த நிரையில் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். நல்ல நினைவுள்ளவர்களே உள்ளே போனால் திசை தடுமாறுவார்கள். எதிரில் வரும் வேலையாட்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். அவர்களுக்கு அவர் யாரோ ஒரு தாத்தா. மலாயில் பேச்சுக் கொடுத்தால் சிரித்தபடி இரண்டு வார்த்தை சரியாகவே பதில் சொல்வார், அவர்களும் வழிவிட்டுவிடுவார்கள்.

"சும்மா சுத்துறாரு" என்று நினைப்பது அடுத்த தவறு. அவர் மனத்தில் போக ஓர் இடம் இருக்கிறது: வேலை, பழைய வீடு, கோவில், பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டி வருவது. பால்வெட்டுக்குப் போனவர் விடியற்காலை நாலரைக்கு எழுந்து கிளம்பினால், அது அவர் உடம்பில் ஊறிய நேரம். அந்த நேரத்தில் "தோட்டமே இல்லப்பா, நீங்க ரிட்டையர் ஆயி இருவது வருஷமாச்சி" என்று வாதாடினால், நீங்கள் தடுக்கிறீர்கள் என்பது மட்டும்தான் அவருக்குப் புரியும். கோபத்தில் இன்னும் வேகமாகக் கிளம்புவார். "ராத்திரி மழைப்பா, மரம் நனைஞ்சி கெடக்கு, இன்னிக்கு வெட்டு இல்ல. கோப்பி குடிங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஈர மரத்தில் பால் வெட்டுவதில்லை என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முற்றம் காய்ந்து கிடக்கும் நாளில் இதைச் சொல்லாதீர்கள், வாசலை எட்டிப் பார்ப்பார். அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வருவதே நல்லது.

செருப்பை ஒளித்து வைத்தால் வெறுங்காலில் போவார், பாதம்தான் புண்ணாகும். ஒளிக்க வேண்டியவை வேறு: வேலையை நினைவூட்டும் தொப்பி, தோள்பை, தலையில் கட்டும் விளக்கு. வெட்டுக் கத்தி இன்னும் வீட்டில் இருந்தால் அதை வீட்டைவிட்டே அகற்றிவிடுங்கள். மோட்டார் சைக்கிள் சாவி ஆணியில் தொங்கக் கூடாது. நடந்து போனவரைத் தேடுவதைவிட மோட்டாரில் போனவரைத் தேடுவது பல மடங்கு கடினம்.

கதவு விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கிரிலைப் பூட்டிச் சாவியோடு வேலைக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. தீப்பிடித்தால் அவருக்கு வழியே இல்லை. ஆள் இல்லாத வீட்டில் அவரை வைத்துப் பூட்டவே கூடாது. வீட்டில் ஆள் இருக்கும்போது, தாழ்ப்பாளை அவர் கண் மட்டத்துக்கு மேலே மாற்றிப் போட்டு, கதவின் மேல் சுவர் நிறத்தில் ஒரு திரை தொங்கவிட்டாலே பலருக்குப் போதும். கூடவே காந்தக் கதவு மணி ஒன்று. கதவில் ஒரு துண்டும் நிலையில் ஒரு துண்டும் ஒட்ட வேண்டும், மூடியிருக்கும்போது இடைவெளி 1 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி இடைவெளி கூடினால் மணி காரணமில்லாமல் அடிக்கும், எரிச்சலில் யாராவது நிறுத்திவிடுவார்கள். வாரம் ஒரு தடவை பேட்டரியைச் சோதியுங்கள். முன்கதவுக்கு மட்டும் மணி மாட்டிவிட்டுச் சமையலறைப் பின்கதவை மறந்துவிடாதீர்கள்.

தூங்க வைத்தால் போதும் என்று மாத்திரை வாங்கிக் கொடுப்பது ஆபத்து. தூக்கக் கலக்கத்தில் எழுந்து விழுவார்கள், இடுப்பெலும்பு முறியும். மனநோய்க்கான சில மருந்துகள் மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. இதுவரை இல்லாத அலைச்சல் இரண்டே நாளில் திடீரென்று வந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றைச் சந்தேகித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

கருவியை நம்பி அசட்டையாக இருப்பதும் நடக்கிறது. இருக்கும் இடத்தைக் காட்டும் புளூடூத் சாவிக்கொத்து வில்லை வேலை செய்ய, அருகில் வேறு கைப்பேசிகள் இருக்க வேண்டும். செம்பனைக்குள் யாரிருக்கிறார்கள்? சிம் போட்ட ஜிபிஎஸ் கைக்கடிகாரம் மேல், ஆனால் மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. 4ஜி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள், தினமும் ஒரே நேரத்தில் சார்ஜ் போடுங்கள், தோட்டத்துப் பாதையில் ஒரு நாள் நீங்களே கட்டிக்கொண்டு நடந்து எங்கெங்கே சிக்னல் கிடைக்காமல் போகிறது என்று பாருங்கள். அசல் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்து அனுப்பாதீர்கள், தொலைந்துவிடும். பெயரும் இரண்டு தொலைபேசி எண்களும் செதுக்கிய எஃகு வளையம் கையில் இருக்கட்டும். பலர் வெறும் கைலியோடு கிளம்புவதால் சட்டைக் காலரில் மட்டும் எண்ணைத் தைத்தால் போதாது. மறதி நோய் என்பதை மலாயிலும் எழுதுங்கள்.

இனி, காணவில்லை என்றால். 24 மணி நேரம் கழித்துத்தான் போலீஸ் புகாரை ஏற்கும் என்று இன்னமும் சொல்கிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. குளியலறை, கட்டிலுக்கு அடியில், சாமான் அறை, காரின் உள்ளே, வீட்டைச் சுற்றியுள்ள கால்வாய்: இதற்கு 15 நிமிடம். கிடைக்கவில்லையா, 999ஐ அழையுங்கள், அருகிலுள்ள எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், அவரே திரும்பி வரலாம்.

பெயரைக் கத்திக்கொண்டே மோட்டாரில் சுற்றுவதுதான் தேடும்போது அதிகம் நடக்கும் தவறு. மறதி நோய் உள்ளவர்கள் பல சமயம் பதில் கொடுப்பதில்லை, உதவி கேட்டுக் குரல் எழுப்புவதும் இல்லை. கால் போன திசையில் நேராக நடந்து, கால்வாயிலோ புதரிலோ மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். வெளிநாட்டுத் தேடல் பதிவுகளில் ஏறக்குறையப் பாதிப்பேர், கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள்தான் கிடைத்திருக்கிறார்கள். ஆகவே தூரத்திலுள்ள பிளஸ் ஆற்றங்கரைவரை வண்டியை விடுவதற்கு முன் பக்கத்து நிரைகளை நடந்து பாருங்கள்: வெட்டிப் போட்ட மட்டைக் குவியலின் பின்புறம், கால்வாயின் இரு கரை, பழைய லயம் இருந்த மேடு, கோவில். பார்த்து முடித்த இடங்களைப் தோட்டப் பிரிவின் பிளாக் எண்ணோடு குறித்து வையுங்கள். முதிர்ந்த செம்பனை ஓலைக்கு அடியில் டிரோனுக்கு எதுவும் தெரியாது. இன்னொரு குழு பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கும் போகட்டும்.

வாட்ஸ்அப்பில் போடும் செய்தியில் கடைசியாகப் பார்த்த தேதி, நேரம், இடம், உடை, இன்றைய முகம் தெரியும் படம் இருக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முந்திய கல்யாணப் படம் உதவாது. அடையாள அட்டை எண்ணைப் பொதுவில் போடாதீர்கள். இவற்றில் முன்கூட்டியே தெரிந்தவற்றை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். இளவயதில் தோட்டத்தில் கூப்பிட்ட பட்டப்பெயரையும் சேருங்கள், சொந்தப் பெயருக்குத் திரும்பாதவர் அதற்குத் திரும்புவார்.

கிடைத்ததும் நான்கு பேர் சூழ்ந்து திட்டாதீர்கள். எதிரே வந்து, நிழலில் உட்கார வைத்து, தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள். பாதம், முழங்கால், தலையில் அடி இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் வெகுநேரம் இருந்திருந்தாலோ, மயக்கமாக இருந்தாலோ, தலையில் அடி பட்டிருந்தாலோ நேராக மருத்துவமனைக்கு. காவல் நிலையத்துக்குச் சொல்லி, வாட்ஸ்அப் செய்தியையும் அகற்றுங்கள். பிறகு, எத்தனை மணிக்கு எந்தக் கதவு வழியாகப் போனார், எந்தப் பாதை, எங்கே கிடைத்தார் என்று அதே தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். மறுபடி போனால் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போவார்.