ஒப்புக்கொடுத்து ஜெபிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

"ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டேன், இனி நான் செய்ய ஒன்றுமில்லை." கொடைக்கானலில் எந்தச் சபைக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சர்க்கரை ஏறிக் கிடக்கும், மாத்திரை போட மாட்டார்கள். மகனுடைய குடிக்காகத் தினமும் அழுது ஜெபிப்பார்கள், அவன் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து உட்கார்ந்து பேச மாட்டார்கள். இதை விசுவாசம் என்று நாம் பாராட்டவும் செய்கிறோம். முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு, "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று ஜெபித்தார். ஜெபித்துவிட்டு அங்கேயே கிடக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த சீடர்களிடம் "எழுந்திருங்கள், போவோம்" என்றார். ஒப்புக்கொடுத்தவர் முடிவைத்தான் பிதாவின் கையில் விட்டார். செய்ய வேண்டியதைச் செய்ய அவரே எழுந்து நடந்தார்.

உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பளு தூக்கும் நேரத்தில் தசை வளர்வதில்லை. உழைப்பு அதைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். பழுது பார்க்கும் வேலையும் வளர்ச்சியும் பிறகு ஓய்விலும் தூக்கத்திலும் நடக்கின்றன. "வளரு" என்று தசைக்கு யாரும் கட்டளையிட முடியாது. நம் பங்கைச் செய்துவிட்டு விட்டுவிட வேண்டும். ஆனால் உழைக்காதவன் எவ்வளவு ஓய்வெடுத்தாலும் தசை வராது. விடாமல் உழைத்து, ஓய்வே எடுக்காதவனுக்குக் காயம்தான் வரும். ஜெபத்திலும் இந்த இரண்டு கூட்டமும் உண்டு. ஒன்றும் செய்யாமல் "அவர் பார்த்துக்கொள்வார்" என்கிறவர்கள் ஒரு பக்கம். ஜெபித்து முடித்த மறுநிமிடமே எல்லாவற்றையும் தானே இழுத்துப் பிடிக்கிறவர்கள் மறுபக்கம். இரண்டாவது கூட்டத்துக்கு நல்ல பெயர் இருப்பதால் அவர்களை யாரும் திருத்துவதில்லை.

அடுத்த தவறு அவசரம். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் வந்த மறுநாள் காலையிலேயே ஏரியைச் சுற்றி ஓடப் பார்ப்பார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பாதியிலேயே மூச்சு வாங்கும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவே தாழ்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. உடல் உடனே வேகமாக மூச்சு விட்டுச் சமாளிக்கும். ஆனால் சிவப்பணுக்கள் கூடி, உடல் உண்மையாகப் பழக வாரக்கணக்கில் ஆகும்.

உபவாசக் கூட்டத்தின் கடைசி நாளில் கையை உயர்த்தி, "பிள்ளை, வீடு, எதிர்காலம் எல்லாம் உம்முடையது" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமைக்குள் பழைய கவலைக்கே திரும்புகிறவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை, இன்னும் பழகவில்லை. இங்கே பக்கத்தில் செண்பகனூரில் 1895 முதல் இயேசு சபையார் என்னும் கத்தோலிக்கத் துறவிகள் இருக்கிறார்கள். அந்தச் சபையை நிறுவிய புனித இக்னேஷியஸ், நடப்பதும் ஓடுவதும் உடலுக்குப் பயிற்சி என்பதுபோல ஆன்மாவுக்கும் பயிற்சி உண்டு என்று எழுதினார். 1548-இல் அச்சான அந்தப் பயிற்சி முறை நான்கு வாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. என் சுதந்திரம், நினைவு, அறிவு, சித்தம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்ற அர்ப்பண ஜெபம் அதில் வருவது கடைசிப் பகுதியில். முதல் நாளில் அவர் அதைக் கேட்கவில்லை. எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் இந்த வரிசை யோசிக்க வேண்டியது. முதலில் இன்றைய ஒரு கவலையை ஒப்புக்கொடுங்கள். பூண்டு விலை, கடன் தவணை, நாளைய பரிசோதனை முடிவு, எதுவாக இருந்தாலும் சரி.

ஒப்புக்கொடுத்த கவலை திரும்ப வந்தால் "எனக்கு விசுவாசமில்லை" என்று முடிவு கட்டுவதும் தவறு. இயேசு மூன்றாம் முறையும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். பவுலும் தன் மாம்சத்தில் முள்ளாகக் குத்திய துன்பத்தைக் குறித்து மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். அவர்களுக்கே ஒரு தடவை போதவில்லை என்றால் நமக்கு எப்படிப் போதும்?

கண்ணீரை வைத்து ஜெபத்தை அளப்பதும் நம்மிடம் நிறைய இருக்கிறது. வியர்வை உடலைக் குளிர்விக்க வருவது. கொடைக்கானல் குளிரில் ஏற்றம் ஏறினாலும் சட்டை நனையாமல் போகலாம், அதனால் கால்கள் உழைக்கவில்லை என்று ஆகாது. அழாமல், சத்தம் போடாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தவருடைய ஜெபமும் ஜெபமே.

உபவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை: இன்சுலின் போடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. சோர்ந்து சாகக் கேட்ட எலியாவுக்கு ஆண்டவர் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. மலையிறங்கிய மறுநாள் தொடையில் வரும் வலி சில நாளில் தானாகப் போகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மூட்டில் சுருக்கென்று குத்தினால் நின்றுவிட வேண்டும். பொறுக்க வேண்டிய வலியையும் நிறுத்த வேண்டிய வலியையும் பிரித்துப் பார்க்காத பயிற்சியாளர் ஆளையே முடமாக்கிவிடுவார். கணவனிடம் அடிவாங்கிய பெண்ணிடம் "ஒப்புக்கொடுத்து ஜெபிம்மா, பொறுத்துப் போ" என்று சொல்கிற நாமும் அதையே செய்கிறோம். தேவனுக்கு ஒப்புக்கொடுப்பது வேறு, அடிக்கிறவனுக்கு உடம்பைக் கொடுப்பது வேறு. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகித் தப்பி ஓடினான். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். பிறகு சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, தான் ரோமக் குடிமகன் என்று சட்டத்தைச் சொல்லித் தடுத்தார். இவர்களில் யாரையும் விசுவாசம் குறைந்தவர்கள் என்று வேதம் சொல்லவில்லை. அப்படி ஒரு பெண் ஜெபக்குழுவுக்கு வந்தால், அவளோடு ஜெபியுங்கள். அப்புறம் அன்றிரவு அவள் எங்கே தூங்குவாள் என்று கேளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கொடுங்கள். மருத்துவமனைக்கோ காவல் நிலையத்துக்கோ போக அவள் முடிவெடுத்தால், குழுவிலிருந்து இரண்டு பேர் கூடவே போங்கள்.