பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை: நாலு நாள் தீவுப் பயணத்துக்குத் தனியாகக் கிளம்புகிறவருக்கு

தனியாகப் போகிறவரின் பைக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். அதை முதுகில் மாட்டிக்கொண்டே கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்த முடிகிறதா? முடிந்தால் சரியான பை. முடியாவிட்டால், உள்ளே என்ன இருந்தாலும் அது பெரிய பை.

சிரிப்பாக இருக்கலாம், ஆனால் கூட ஒருவர் வந்தால் "கொஞ்சம் பார்த்துக்கோ, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிற இடங்கள் ஒரு நாளில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். டிக்கெட் வரிசை, கழிப்பறை, படகுத்துறை, கடலில் இறங்கும் நேரம். தனியாக இருக்கும்போது அத்தனை இடத்துக்கும் பை உங்களோடுதான் வரும். நான் முதல் தடவை சக்கரம் வைத்த பெட்டியோடு போனேன். படகு கரையை ஒட்டி வரவில்லை, முழங்கால் தண்ணீரில் இறங்கச் சொன்னார்கள், படகுக்காரர் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க நான் கையில் செருப்போடு பின்னால் போனேன். அப்புறம் மணலில் அந்தச் சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

ஆக, 25 லிட்டர் முதுகுப்பை போதும், மிஞ்சினால் 28. நிறைய விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் வரம்பு. சின்னத் தீவுகளுக்குப் பறக்கும் குட்டி விமானங்களில் அதுவும் குறையும், சில இடங்களில் ஆளையே எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள். 5 கிலோவுக்குள் நிறுத்திவிட்டால் எந்த வரிசையிலும் நெஞ்சு படபடக்காது.

முதலில் துணி, ஏனென்றால் பையை நிரப்புவது அதுதான். வெப்பமண்டலத் தீவில் உங்கள் எதிரி வெயில் இல்லை, ஈரப்பதம். பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும், அதனாலேயே காயாது. இரவு துவைத்துப் போட்ட பனியன் காலையிலும் சில்லென்று இருக்கும், மறுநாள் ஒரு வாடை வரும். மெல்லிய பாலியெஸ்டர் தண்ணீரை உள்ளே இழுக்காததால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதில் வியர்வை நாற்றம் சீக்கிரம் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் தினம் துவைக்கப்போகிறோம் என்பதால் அது பிரச்சினை இல்லை. போட்டுக்கொண்டு போவதையும் சேர்த்து மூன்று சட்டை, அதில் ஒன்று கண்டிப்பாக முழுக்கை. ஒரு லேசான பேன்ட், ஒரு அரைக்கால் சட்டை, நீச்சலுக்கு ஒன்று, உள்ளாடை மூன்று. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்: காய்ந்திருக்கும்போதே அரைக் கிலோவைத் தாண்டும், நனைந்தால் மறுநாளும் காயாது. ராணுவ உடை மாதிரி புள்ளி போட்ட துணி பிடிக்கும் என்றால் அதையும் வீட்டிலேயே விடுங்கள். பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட் போன்ற கரீபியன் தீவு நாடுகளில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம்.

துவைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. குளிக்கும்போதே சட்டையையும் அலசிவிடுங்கள், அதே சோப்பு போதும். பிழிந்த துணியைக் காய்ந்த துண்டின் மேல் விரித்து, துண்டோடு சேர்த்துச் சுருட்டி, அதன் மேல் ஏறி நின்று மிதியுங்கள். மிச்சத் தண்ணீரில் பெரும்பகுதி துண்டுக்குப் போய்விடும். பிறகு மின்விசிறிக்கு நேராகத் தொங்கவிடுங்கள். ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது, அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவிடும், வெளியே கொடியில் போடுவதைவிட அங்கே சீக்கிரம் காயும். கடலில் நனைந்த துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் காயப்போடாதீர்கள். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், துணி எப்போதும் பிசுபிசுவென்றுதான் இருக்கும்.

துண்டு என்றால் தடித்த டர்க்கி டவல் இல்லை, மெல்லிய துண்டு. துடைக்கலாம், மணலில் விரிக்கலாம், தோளில் போர்த்தலாம், படகில் தலையில் கட்டிக்கொள்ளலாம். பையில் இருக்கிற பொருள்களில் அதிகம் உழைப்பது அதுதான்.

இனி சன்ஸ்கிரீன் கணக்கு. இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு ஆள் உடம்பு முழுக்கச் சரியாகப் பூச, ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லி வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீரிலிருந்து எழுந்தால் உடனே, மறுபடி பூச வேண்டும். விமானத்தில் கைப்பையில் அனுமதிக்கும் பெரிய குப்பியே பெரும்பாலும் 100 மில்லிதான். அதாவது மூன்று தடவை பூச்சு, முதல் நாள் மதியத்தோடு தீர்ந்தது. நாலு நாளைக்கு என்ன செய்வது? பெரிய குப்பிக்காகப் பெட்டியைச் சரக்குப் பகுதியில் போடுவதில் அர்த்தமில்லை. பூச வேண்டிய இடத்தைக் குறைத்துவிடுங்கள். நீச்சலுக்கு முழுக்கைச் சட்டை, முட்டிவரை வரும் கால்சட்டை, கழுத்தை மறைக்கும் அகலத் தொப்பி. மிச்சம் முகம், புறங்கை, காலின் கீழ்ப்பகுதி மட்டும்தான், 100 மில்லியை அதற்கு இழுத்துப் பிடித்து ஓட்டலாம். சாதாரண வெள்ளைப் பருத்திச் சட்டை இந்த வேலைக்கு ஆகாது, நனைந்தால் புற ஊதாக் கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடும்.

குப்பியின் பின்பக்கத்தையும் படியுங்கள். சில சன்ஸ்கிரீன்களில் கலக்கும் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் இரண்டும் பவளப்பாறைக்குக் கெடுதல் என்று பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதல் தடை செய்திருக்கிறது, ஹவாய் 2021 முதல் விற்பனையை நிறுத்தியிருக்கிறது. துத்தநாக ஆக்ஸைடு வகை வாங்கினால் எங்கே போனாலும் கவலையில்லை, முகம் மட்டும் கொஞ்சம் சுண்ணாம்பு அடித்த மாதிரி தெரியும். இன்னொன்று, விமான நிலையச் சோதனையில் பார்ப்பது குப்பியில் அச்சிட்ட அளவைத்தான். 200 மில்லி குப்பியில் பாதிதான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. ஷாம்புவுக்குப் பதில் கட்டிச் சோப்பே போதும் என்பது என் கட்சி. முடி விஷயத்தில் அவரவர் இஷ்டம்.

கொசு விரட்டி தனிக்கதை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், அதனால் சாயங்காலம் மட்டும் பூசினால் போதாது. டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த மருந்து நன்றாக வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்: கண்ணாடி ஃபிரேம், கைக்கடிகாரம், செயற்கை இழைத் துணிகளில் சில எல்லாம் பாழாகும். பிகாரிடின் என்ற இன்னொரு கொசு விரட்டி ரசாயனம் 20 சதவீதம் உள்ளது அந்தத் தொல்லை இல்லாதது, நான் அதைத்தான் எடுக்கிறேன். முதலில் சன்ஸ்கிரீன், அது ஊறிய பிறகு மேலே கொசு மருந்து.

காலுக்குப் பின்பட்டை உள்ள சாண்டல் ஒரு ஜோடி, அவ்வளவுதான். படகிலிருந்து தண்ணீரில் இறங்கும்போது ஹவாய் செருப்பு கழன்று மிதந்துவிடும். மலையேற்றம் திட்டத்தில் இருந்தால் மட்டும் ஷூ, அதைக் காலில் போட்டுக்கொண்டு போங்கள், பையில் வேண்டாம். மழைக்கு மடக்குக் குடை. அந்த வெக்கையில் மழைக்கோட்டுக்குள் வியர்வையிலேயே நனைந்துவிடுவீர்கள்.

பவர் பேங்க் 10,000 எம்ஏஎச் ஒன்று போதும். எதுவானாலும் அது கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணி (Wh) வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. உங்களுடையது எவ்வளவு என்று தெரிய எம்ஏஎச்சை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 10,000க்கு 37 வரும். லேப்டாப் வேண்டாம். கேமரா எடுத்தே தீருவேன் என்றால், ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸில் பனி படரும். அறையிலேயே ஜிப் கவரில் போட்டு எடுத்து வந்து, வெளிச்சூட்டுக்கு அது பழகும்வரை அரைமணி காத்திருங்கள்.

இதுவரை குறைக்கச் சொன்னேன். தனியாகப் போகிறவர் குறைக்கக் கூடாத சில உண்டு. ராத்திரி வயிறு கெட்டால் மருந்து வாங்கி வர அறையில் வேறு யாரும் இல்லை. அதனால் ஓஆர்எஸ் பொட்டலம் மூன்று நாலு, காய்ச்சல் மாத்திரை, பவளத்தில் கீறினால் போட கிருமிநாசினிக் களிம்பு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இரண்டு நாள் கூடுதலாக, அட்டையோடு. போன் கடலில் விழுந்தால் டிக்கெட்டும் வரைபடமும் பணமும் ஒன்றாகப் போகும். தங்குமிடத்தின் முகவரி, வீட்டு எண், பாஸ்போர்ட் நகல் எல்லாம் ஒரு காகிதத்தில் இருக்கட்டும். இரண்டாவது கார்டும் கொஞ்சம் ரொக்கமும் பணப்பையில் இல்லாமல் வேறு இடத்தில்.

கடலில் குளிக்கும்போது பாஸ்போர்ட் அறைப் பூட்டுக்குள் இருக்கட்டும். போனும் சாவியும் கழுத்தில் தொங்கும் நீர்புகா உறையில் உங்களோடு கடலுக்குள் வரலாம். புது உறைக்குள் முதலில் போனை வைக்காதீர்கள், டிஷ்யூ காகிதத்தை வைத்து ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். கூடவே 10 லிட்டர் நீர்புகாப் பை ஒன்று: போகும்போது துணியெல்லாம் அதற்குள், வரும்போது ஈரத் துணி மட்டும்.

கிளம்பும் முதல்நாள் இரவு எல்லாம் கட்டி முடித்ததும் பையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு நிமிடம் நில்லுங்கள், படகிலிருந்து இறங்கும்போது அப்படித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். கை நடுங்கினால் திறந்து இரண்டு பொருளை வெளியே எடுங்கள். அப்புறம் ஒரு சட்டையையும் ஒரு உள்ளாடையையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி அடியில் வையுங்கள். கடைசி நாள் காலைவரை அதைத் தொடக் கூடாது, பக்கத்து இருக்கைக்காரர் பாவம்.