வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புமுன் டிரேட்மார்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடியிலிருந்து ஏலக்காய், மார்த்தாண்டத்திலிருந்து தேன் என்று வளைகுடாவுக்கு அனுப்பப் புதிதாக இறங்குகிறவர்கள் பழைய பள்ளத்திலேயே விழுகிறார்கள். எழுத்துப்பிழை, கட்டணம் கட்ட மறப்பது எல்லாம் டிரேட்மார்க் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்; அவற்றை விடுவோம்.

பிராண்டை இறக்குமதியாளர் பெயரில் பதியவிடுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவது இதுதான். துபாய் பார்ட்டி போனில், "அண்ணாச்சி, இங்க ரெஜிஸ்ட்ரேஷன நான் பாத்துக்கிடுதேன், நீங்க சரக்க அனுப்புங்க" என்பார். செலவு மிச்சம் என்று இவரும் தலையாட்டுவார். உரிமையாளர் என்ற இடத்தில் பார்ட்டியின் பெயர் ஏறிவிடும். விலைத் தகராறு வந்து வேறு ஆளுக்கு அனுப்பத் தொடங்கியதும், பழையவர் அந்த ஊர்ச் சுங்கத்தில் மனு கொடுப்பார். டப்பா நம்முடையது, லேபிள் நம்முடையது, தேனும் நம்முடையது. ஆனால் அங்கே அது போலிச் சரக்கு.

"இந்தியாவில் பதிந்திருக்கிறேனே" என்றால் எடுபடாது. டிரேட்மார்க் உரிமை பதிந்த நாட்டோடு நின்றுவிடும். 1995 முதல் நடப்பில் உள்ள டிரிப்ஸ் (உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம்) உறுப்பு நாடுகள் தரவேண்டிய குறைந்தபட்சப் பாதுகாப்பைத்தான் சொல்கிறது. உலகத்துக்கே ஒரு பதிவு என்று அதில் எதுவும் கிடையாது. வெளிநாட்டில் நமக்கு முகவராக இருப்பவர் நம் அனுமதியில்லாமல் தன் பெயரில் பதிந்தால் ரத்து கேட்க, தொழில்சார் சொத்துரிமைக்கான பாரிஸ் உடன்படிக்கையின் 6-செப்டீஸ் பிரிவு வழி விட்டிருக்கிறது. "நீங்களே பதிஞ்சுக்கிடுங்க" என்று ஒரு வாட்ஸ்அப் போயிருந்தால் அந்த வழியும் ஏறக்குறைய அடைபட்டது.

முதலில் இந்தியாவில் டிரேட்மார்க் விண்ணப்பமான டிஎம்-ஏ படிவம் போடுங்கள். பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்துத்தான் பதிவார்கள்: தேன், ஏலக்காய் இரண்டும் 30-ஆம் வகுப்பு. பொள்ளாச்சித் தென்னைநார் மிதியடி 27. அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால் இந்தியத் தேதியே முன்னுரிமைத் தேதி, அதாவது அங்கேயும் அன்றே விண்ணப்பித்ததாகக் கணக்கு. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு கேட்கும் மாட்ரிட் முறையில் இந்தியா 2013-இலும் அமீரகம் 2021-இலும் சேர்ந்துவிட்டதால், அதன் விண்ணப்பமான எம்எம்2 படிவத்தை இந்திய டிரேட்மார்க் அலுவலகம் வழியாகவே அனுப்பலாம். இந்திய விண்ணப்பத்தில் இல்லாத பொருளை அதில் சேர்க்க முடியாது. முதல் 5 ஆண்டுக்குள் இந்தியப் பதிவு விழுந்தால் சர்வதேசப் பதிவும் கூடவே விழும். ஆகவே இந்திய அலுவலகத்தின் ஆட்சேபணைக் கடிதத்தை மேசையில் கிடக்கவிடாதீர்கள். பதிலுக்கு ஒரு மாதம்தான். பிராண்டின் அரபு எழுத்து வடிவத்தையும் தனியாகப் பதிவது நல்லது.

கண்காட்சி முதலில், காப்புரிமை பிறகு

புது ஏலக்காய் உலர்த்தியை ஸ்டாலில் ஓட்டிக் காட்டிவிட்டு ஐரோப்பாவில் காப்புரிமை கேட்டால், ஏற்கெனவே வெளியே காட்டியாயிற்று, புதுமை போய்விட்டது என்பார்கள். முதலில் இந்தியாவில் விண்ணப்பம். 6 வாரம் கழித்தோ, முன்அனுமதி வாங்கியோதான் வெளிநாடு.

புவிசார் குறியீடு இருக்கிறதே!

இன்ன ஊருக்கே உரிய சரக்கு என்று காட்டும் அந்தக் குறியீடு மார்த்தாண்டம் தேனுக்கு இருக்கிறது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதியாமல் அதை லேபிளில் போடக் கூடாது. வெளிநாட்டில் அந்த இந்தியப் பதிவு தானாகச் செல்லவும் செல்லாது. டிரிப்ஸின் 23-ஆம் பிரிவு தரும் கூடுதல் பாதுகாப்பு ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் மட்டுமே. தேனுக்கு 22-ஆம் பிரிவுதான். வாங்குகிறவர் ஏமாறுகிறார் என்று நாம் காட்டவேண்டும்.

வட்டத்துக்குள் ஆர்

® என்பது பதிவான டிரேட்மார்க் என்று சொல்லும் குறி. பதிவாகாத நாட்டுக்குப் போகும் டப்பாவில் அதைப் போடாதீர்கள். பல நாடுகளில் அதற்குத் தண்டனை உண்டு.