எழுபதுகளின் ஹெவிவெயிட் சண்டைகளை மாற்றி எழுதிப் பார்ப்பது எப்படி?

முகமது அலி, ஜோ ஃபிரேசியர், ஜார்ஜ் ஃபோர்மேன், கென் நார்ட்டன் நாலு பேரும் ஒரே காலத்தில் ரிங்கில் இருந்தார்கள். அதனால் "அப்படி நடந்திருந்தால்?" என்று யோசிக்க இதைவிடத் தோதான காலம் குத்துச்சண்டையில் இல்லை. ஆனால் பலர் எடுத்த எடுப்பிலேயே 1967 அலியையும் 1973 ஃபோர்மேனையும் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். அது வெறும் கற்பனைச் சண்டை, வரலாறு ஆகாது. மயிரிழையில் வேறு மாதிரி போயிருக்கக்கூடிய ஒரு சம்பவத்தைப் பிடியுங்கள், அதை மட்டும் மாற்றுங்கள், ஆட்களின் குணத்தில் கை வைக்காதீர்கள்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அலியின் தடைக்காலம்தான். 1967 ஏப்ரலில் ராணுவத்தில் சேர மறுத்தார், பட்டம் பறிபோனது, 1970 அக்டோபர் வரை சண்டையே இல்லை, அதுவும் 25 வயதிலிருந்து 28 வரை. "அவர் மறுக்காமல் இருந்திருந்தால்" என்று தொடங்கினால் அது அலியே இல்லை, வேறு யாரோ. நீதிமன்றத்தை மாற்றுங்கள். குற்றவாளிகளாகத் தீர்ப்பு பெற்ற எத்தனையோ பேருக்குக் குத்துச்சண்டை உரிமம் கொடுத்த நியூயார்க், இவருக்கு மட்டும் மறுத்தது நியாயமில்லை என்று 1970இல் ஒரு தீர்ப்பு வந்தது, அதை 1967க்கே நகர்த்திப் பாருங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை: என்னென்ன காணாமல் போகிறது என்று பார்ப்பது. பட்டம் காலியாகவில்லை என்றால் ஜிம்மி எல்லிஸ் சாம்பியன் ஆவதில்லை. தோல்வியே காணாத இரண்டு சாம்பியன்கள், ஆளுக்கு 25 லட்சம் டாலர் என்று 1971 மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த அந்த அலி-ஃபிரேசியர் மோதலும் அந்த வடிவில் இருக்காது. கால்களின் வேகம் குறைந்த பிறகுதான் அலி கயிற்றில் சாய்ந்து அடிவாங்கித் தாங்கும் வித்தைக்கு வந்தார் என்பது என் கணிப்பு, ஆகவே அந்த மூன்று வருடங்களைத் திருப்பிக் கொடுக்கிறவர் அந்த வித்தையால் ஃபோர்மேனை வென்ற 1974 கின்ஷாசாவை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது ஏமாற்று வேலை.

1964ஐயும் மறந்துவிடாதீர்கள். ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஃபிரேசியரைத் தோற்கடித்தவர் பஸ்டர் மேதிஸ். அவருக்குக் கையில் காயம்பட்டதால்தான் ஃபிரேசியர் டோக்கியோ போய், உடைந்த இடது கட்டைவிரலோடு தங்கம் வாங்கினார். அந்தக் கை நன்றாக இருந்திருந்தால், பிலடெல்பியா இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவரை நம்பி யார் பணம் போட்டிருப்பார்கள்?

ஸ்கோர் அட்டையைப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். 1975 மணிலாவில் அலியோடு மோதியபோது, 14வது ரவுண்டோடு சண்டையை நிறுத்திய பயிற்சியாளர் எடி ஃபட்ச், ஃபிரேசியரை 15வது ரவுண்டுக்கு அனுப்பியிருந்தால் என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று அட்டைகளிலும் அலிதான் முன்னிலை, அதனால் அங்கே நாக் அவுட் ஒன்றைத் தவிர வழியே இல்லை.

புதிதாக முயற்சி செய்கிறவர்களுக்கு நான் சொல்வது 1976 செப்டம்பர் 28, யாங்கி ஸ்டேடியம், சாம்பியன் அலியும் நார்ட்டனும் மோதிய சண்டை. இரண்டு நடுவர்களின் அட்டையில் 8-7, ரெஃபரியின் அட்டையில் 8-6, ஒரு ரவுண்டு சமம், மூன்றும் அலிக்கு. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் நார்ட்டன் கடைசி ரவுண்டை அடக்கி வாசித்தார். அந்த மூன்று நிமிடத்தை மட்டும் மாற்றுங்கள், நடுவர்கள் இருவரும் அதை நார்ட்டனுக்குக் கொடுக்கட்டும், அவர் சாம்பியன். அலி அங்கேயே ஓய்வு பெற்றால் 1977இல் எர்னி ஷேவர்ஸின் அடிகளும் 1980இல் லாரி ஹோம்ஸிடம் பட்ட கொடுமையும் அவர் உடம்பில் விழாது. இதற்காகவே எனக்கு இந்த மாற்றம் ரொம்பப் பிடிக்கும். சரி, நார்ட்டனுக்கு அடுத்த எதிரி யார்? 1974இல் கராகஸில் அவரை இரண்டே ரவுண்டில் சாய்த்த ஃபோர்மேன் அப்போதுதான் ஃபிரேசியரை மறுபடி வீழ்த்தியிருக்கிறார், ஜிம்மி யங்கிடம் தோற்க இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. உங்கள் கதையை அங்கிருந்து எழுத ஆரம்பியுங்கள்.