பழைய ஹிப்-ஹாப் ரெக்கார்டு தேடுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுசா பழைய ராப் ரெக்கார்டு சேர்க்க ஆரம்பிச்ச பசங்க ஃபோட்டோ அனுப்பி "அண்ணா, இது ஒரிஜினலா?"ன்னு கேக்குறாங்க. கேக்கட்டும், நல்லதுதான். ஆனா பணம் கட்டி, பார்சலும் கிளம்பினதுக்கு அப்புறம் கேக்குறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு கடுப்பாகுது.

தூசி தட்டுங்க, வெயில்ல வைக்காதீங்க, இதெல்லாம் இங்க சொல்லப்போறதில்ல, எல்லாருக்கும் தெரியும். 1979-லேர்ந்து ஒரு 1984 வரைக்கும் நியூயார்க் பக்கம் வந்த பன்னிரண்டு இன்ச் ராப் ரெக்கார்டுங்களைப் பத்தி மட்டும் பேசுறேன், ஒரு சைடுக்கு ஒரு பாட்டு மாதிரி வர்ற பெரிய வட்டு.

ஏ சைடோட நிறுத்துறது

ஃபேட்பேக் பேண்டோட 'கிங் டிம் தி தேர்ட்' 1979-ல, ராப்பை ஊருக்கெல்லாம் தெரிய வச்ச 'ரேப்பர்ஸ் டிலைட்' பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு. எங்க இருந்துச்சு? பி சைடுல. திருப்பிப் போட்டுக் கேளுங்கப்பா.

குழு பேரை மட்டும் வச்சு தேடுறது

கிராஷ் க்ரூன்னு தேடினா அவங்களோட முதல் ரெக்கார்டு கண்ணுலயே படாது. 1980-ல 'ஹை பவர் ராப்' வந்தப்போ லேபிள்ல இருந்த பேரு டிஸ்கோ டேவ் அண்ட் தி ஃபோர்ஸ் ஆஃப் தி ஃபைவ் எம்சீஸ், வெளியிட்டது மைக் அண்ட் டேவ்னு ஒரு குட்டி கம்பெனி. அப்புறம் ஷுகர் ஹில்ங்கற கம்பெனிக்குப் போனப்போதான் கிராஷ் க்ரூங்கற பேர்ல வந்தாங்க. அதனால பேரை விட்டுட்டு லேபிளை, அதாவது வெளியிட்ட கம்பெனியைப் பிடிங்க. ஹார்லெம்ல ரெக்கார்டு கடை வச்சிருந்த பாபி ராபின்சனோட என்ஜாய் லேபிளை எடுத்து வரிசையா கேட்டுட்டு வந்தீங்கன்னா ஃப்யூரியஸ் ஃபைவ், ஃபங்கி ஃபோர் ப்ளஸ் ஒன், ட்ரெச்சரஸ் த்ரீ, ஸ்பூனி ஜீ எல்லாரும் அங்க இருந்துட்டு, ஒவ்வொருத்தரா நியூஜெர்சில சில்வியா ராபின்சனோட ஷுகர் ஹில் பக்கம் போறது தெரியும். ரெண்டு ராபின்சனும் சொந்தக்காரங்க இல்ல, அதையும் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.

எந்தப் பாட்டோட சாம்பிள்னு தேடுறது

பழைய ரெக்கார்டுலேர்ந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போடுறதுதான் சாம்பிள். இந்த ரெக்கார்டுங்க பெரும்பாலும் சாம்பிளே இல்ல. ஷிக் குழுவோட 'குட் டைம்ஸ்' பாட்டு பேஸ்லைனை ஸ்டுடியோவுல ஆளுங்க உக்காந்து மறுபடி வாசிச்சதுதான் 'ரேப்பர்ஸ் டிலைட்'. பின்னாடி ஷுகர் ஹில்லோட ஹவுஸ் பேண்டே, அதாவது கம்பெனி பாட்டுக்கெல்லாம் வாசிக்கிற ஆளுங்களே, டக் விம்பிஷ், ஸ்கிப் மெக்டொனால்ட், கீத் லெப்ளாங்க் மூணு பேரும்தான், என்ஜாய்ல பம்ப்கின்னு ஒரு ட்ரம்மர். சாம்பிள் எடுக்குறதுக்குப் பேர் போன எஸ்பி-1200 மெஷின் மார்க்கெட்டுக்கு வந்ததே 1987-லதான். இல்லாத சாம்பிளைத் தேடுற நேரத்துல அந்த பேஸ் வாசிப்பைக் காது குடுத்துக் கேக்கலாம்.

ரன்-அவுட் பாக்காம பணம் கட்டுறது

சரி, இதுக்குத்தான் எழுத உக்காந்ததே.

தெரிஞ்ச தம்பி ஒருத்தன் 'பீட் பாப்' வாங்கிட்டேன்னு குதிச்சுட்டு வந்தான். ராமெல்ஸீயும் கே-ராபும் பண்ணது, 1983, பத்து நிமிஷத்துக்கு மேல ஓடும், ஒருத்தன் ஸ்கூல் விட்டு வர்ற பையன் மாதிரியும் இன்னொருத்தன் தெருமுனைல நிக்கிற தரகன் மாதிரியும் மாறி மாறி பேசுறது. ப்ரொட்யூஸ் பண்ணி கவர் வரைஞ்சது ஓவியர் ழான்-மிஷேல் பாஸ்கியா. டார்டவுன்ங்கற அவரோட லேபிள்ல 500 காப்பிதான் போட்டதா சொல்லுவாங்க, அதனால இன்னைக்கு அது ரெக்கார்டு விலையே இல்ல, ஓவியத்தோட விலை, ஆயிரக்கணக்குல டாலர். இவன் சம்பளத்துல பாதியைக் குடுத்து "சல்லிசா கிடைச்சுதுண்ணா"ங்கறான். எனக்கு அப்பவே வயித்தைக் கலக்குச்சு.

செல்லர் போட்டிருந்த ஃபோட்டோவைக் காட்டுடான்னேன். கவர் முன்பக்கம், கவர் பின்பக்கம், டேபிள் மேல தூரத்துல ரெக்கார்டு, அவ்வளவுதான். பார்சல் வந்ததும் ட்யூப்லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பார்த்தோம். பாட்டு முடியற கோட்டுக்கும் நடு லேபிளுக்கும் இடையில வழவழன்னு ஒரு வளையம் இருக்கும்ல, அதுதான் ரன்-அவுட், அங்க கையால கீறின எழுத்தோ முத்திரையோ இருக்கும். அதை டிஸ்காக்ஸ்ங்கற ரெக்கார்டு வெப்சைட்டுல ஒரிஜினலுக்குப் போட்டிருக்கிற மேட்ரிக்ஸ் நம்பரோட, அதாவது அங்க கீறியிருக்க வேண்டிய நம்பரோட, ஒப்பிட்டா ஒண்ணுகூட ஒட்டல. ரொம்ப வருஷம் கழிச்சு அதே கவரோட போட்ட மறுபதிப்பு. செல்லர்கிட்ட கேட்டா "நான் ஒரிஜினல்னு எங்க எழுதினேன்? 1983-ன்னுதானே எழுதினேன்"னு பதில். பாட்டு வந்த வருஷத்தைப் போட்டிருக்கான், அந்தக் காப்பி அடிச்ச வருஷத்தை இல்ல, தன் மேல தப்பே இல்லைங்கற மாதிரி பேசுறான்! ஷிப்பிங், கஸ்டம்ஸ் கட்டினதெல்லாம் போனது போனதுதான்.

ரன்-அவுட் ஃபோட்டோ, ரெண்டு சைடும், கிட்டக்க எடுத்தது, இது வராம ஒரு பைசா அனுப்பாதீங்க. "லைட் சரியில்ல, எழுத்து தெரியல"ன்னு சொன்னா டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சு எடுக்கச் சொல்லுங்க, மாட்டேன்னா விட்டுடுங்க. மாஸ்டரிங் பண்ணவங்க, அதாவது பாட்டை ரெக்கார்டு அச்சுக்கு வெட்டிக் குடுத்தவங்க, அடையாளமும் அங்கதான் இருக்கும், எண்பதுகள்ல நிறைய நியூயார்க் ரெக்கார்டு கட் பண்ண ஹெர்ப் பவர்ஸ் 'ஹெர்பி ஜூனியர்'னு கீறி பக்கத்துல ஒரு சிரிப்பு மூஞ்சி போடுவாரு. பூட்லெக்ல, அதாவது அனுமதி இல்லாம அடிச்ச காப்பில, நடு லேபிள் எழுத்தையும் பாருங்க, பழைய லேபிளையே ஃபோட்டோ புடிச்சு அடிச்சிருந்தா ஓரமெல்லாம் மசமசன்னு இருக்கும்.

பாட்டுதான் வேணும்னா இவ்வளவு கூத்தே வேண்டாம், அதே 1983-ல ப்ரொஃபைல் ரெக்கார்ட்ஸ் அதே பாட்டை பாஸ்கியா கவர் இல்லாம போட்டுச்சு, அதை வாங்கிக் கேளுங்க. தம்பிகிட்ட இதைச் சொன்னா "ஆனா கவர் இல்லையேண்ணா"ங்கறான். என்னத்த சொல்ல.

கவர் இல்லைன்னு ஒதுக்குறது

அந்தக் காலத்து பன்னிரண்டு இன்ச் பாதிக்கு மேல கம்பெனி உறையோ வெறும் வெள்ளை உறையோதான்.

ஸ்பீடு பாக்காம ஊசி வைக்கிறது

நிமிஷத்துக்கு 33 சுத்தா 45 சுத்தா, லேபிளைப் படிங்க.

சத்தம் மோசம்னு திருப்பி அனுப்புறது

டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டாவோட 'டெத் மிக்ஸ்' எந்தக் காப்பி வாங்கினாலும் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரிதான் கேக்கும். பிராங்க்ஸ்ல ஒரு ஹைஸ்கூல் பார்ட்டில புடிச்ச டேப்பை ரெக்கார்டு கம்பெனி வச்சிருந்த பால் வின்லி அப்படியே ரெக்கார்டா போட்டாரு. செல்லர்கிட்ட சண்டை போடாதீங்க.

ரெக்கார்டை வச்சு குழுவை எடை போடுறது

கோல்ட் க்ரஷ் பிரதர்ஸ் குழு டஃப் சிட்டி லேபிள்ல போட்ட சிங்கிள் ரெண்டைக் கேட்டுட்டு "இதுக்கா இவ்வளவு பில்டப்பு"ன்னு ஒருத்தன் கேட்டான். அவங்க பேர் வாங்கினது ஸ்டேஜ்ல, ஊர் பூரா கை மாறினது கேசட்டுல. 1981-ல ஹார்லெம் வேர்ல்டுங்கற கிளப்புல ஃபென்டாஸ்டிக் குழுவோட மோதின டேப் இருக்கு, காப்பிக்குக் காப்பி எடுத்து இரைச்சலா இருந்தாலும் பரவாயில்ல, முதல்ல அதைக் கேட்டுட்டு வா, அப்புறம் பேசலாம்னு அனுப்பிட்டேன்.