பார்படோஸில் பணம் கரைகிற இடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரீபியன் தீவு நாடான பார்படோஸில் புழங்கும் பார்படோஸ் டாலரின் மதிப்பு 1975இலிருந்து அசையவில்லை. ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படோஸ் டாலர். அன்றும் அதுதான், இன்றும் அதுதான். எனவே எந்த நாளில் மாற்றினால் லாபம், எந்தக் கடையில் ரேட் நல்லது என்று தேடி அலைவதில் இங்கே பெரிய பலன் கிடையாது. வங்கியில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தருவார்கள், கடைகள் பலவற்றில் இரண்டு என்றே கணக்குப் போடுவார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். அந்தச் சில காசுகளைப் பார்த்துப் பார்த்து மிச்சம் பிடித்துவிட்டு, ஒரே டாக்சிப் பயணத்தில் இரண்டு மடங்கு கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. இந்தத் தீவில் பணம் போகிற வழியே வேறு.

எந்த டாலர் என்று கேட்காமல் இருப்பது

முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். அமெரிக்க டாலருக்கும் பார்படோஸ் டாலருக்கும் ஒரே குறிதான் போடுவார்கள். வாயால் சொல்லும்போதும் டாலர் என்று மட்டும்தான் சொல்வார்கள். டாக்சிகளில் மீட்டர் கிடையாது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு என்று முன்பே நிர்ணயித்த கட்டணம்தான். டிரைவர் நாற்பது என்கிறார். நீங்கள் பர்ஸிலிருந்து இரண்டு அமெரிக்க இருபதுகளை எடுத்து நீட்டுகிறீர்கள். அவர் சொன்னது பார்படோஸ் டாலர் என்றால் ஒரே ஒரு இருபது போதும். அதைச் சொல்லித் திருப்பித் தருகிறவர்கள் உண்டு, சொல்லாதவர்களும் உண்டு. கேட்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. அதுவும் வண்டியில் ஏறுவதற்கு முன்பே கேட்க வேண்டும். பார்படோஸ்காரர்கள் தங்களைப் பேஜன் என்று சொல்லிக்கொள்வார்கள். பேஜன் டாலரா, யுஎஸ் டாலரா என்று கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அது அங்கே தினமும் கேட்கிற கேள்வி.

இதே குழப்பம் எதிர்ப்பக்கமும் நடக்கும். கடலாமைகளோடு நீந்தக் கூட்டிப்போகும் படகுப் பயணம், வில்லா வாடகை, ஹோட்டல் ஸ்பா போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அமெரிக்க டாலரில்தான் விலை சொல்வார்கள். உள்ளூர் டாலர் என்று நினைத்துக் குடும்பத்தில் நாலு பேருக்குப் பதிவு செய்துவிட்டால் பட்ஜெட் அங்கேயே உடைந்துவிடும். என் கணக்கு எளிது. உள்ளூர்க்காரர்களும் வாங்குகிற இடம் என்றால், அதாவது சூப்பர் மார்க்கெட், பஸ், சாலையோரச் சாப்பாடு என்றால், உள்ளூர் டாலராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சுற்றுலாப் பயணிகள் மட்டுமே வருகிற இடம் என்றால் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். கடற்கரைகள் எல்லாம் பொதுச்சொத்து, காலாற நடக்கக் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் சாய்வு நாற்காலியும் குடையும் வாடகைக்குத்தான். உட்கார்ந்த பிறகு விலை கேட்காதீர்கள்.

ஒரே பயணத்தில் பக்கத்துத் தீவுகளுக்கும் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நூறு டாலர் என்று எழுதிய ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். பஹாமாஸில் அது 100 அமெரிக்க டாலர். பார்படோஸில் 50. செயின்ட் லூசியா, கிரெனடா, ஆன்டிகுவா போன்ற தீவுகளில் புழங்குவது கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976இலிருந்து நிற்கிறது. அங்கே அதே சட்டை 37 அமெரிக்க டாலர்தான். கேமன் தீவுகளிலோ 120. எழுதியிருப்பது எல்லா இடத்திலும் அதே நூறு!

கையில் உள்ளூர் நோட்டே இல்லாமல் சுற்றுவது

அமெரிக்க டாலரை எங்கும் வாங்கிக்கொள்கிறார்களே, எதற்கு மாற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். ஆனால் அமெரிக்க நோட்டைக் கொடுத்தால் மீதி பார்படோஸ் டாலரில்தான் வரும். அமெரிக்கச் சில்லறைக் காசை எடுக்க மாட்டார்கள். கிழிந்த நோட்டு, கிறுக்கிய நோட்டு என்றால் யோசிப்பார்கள். சின்னக் கடைகளில் நூறு டாலர் நோட்டை நீட்டினால் வேண்டாம் என்றும் சொல்லலாம். அமெரிக்க நோட்டு கொண்டுபோவதானால் ஐந்து, பத்து, இருபதாகக் கொண்டுபோங்கள்.

பஸ் கட்டணம் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 3.50 பார்படோஸ் டாலர். அரசாங்கத்தின் நீலப் பஸ்ஸில் சரியான சில்லறை வேண்டும், மீதி தர மாட்டார்கள். மஞ்சள் மினி பஸ்ஸிலும், இசட்-ஆர் என்று அழைக்கும் வெள்ளை வேனிலும் மீதி தருவார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஆய்ஸ்டின்ஸ் என்ற மீனவ ஊரில் மீன் பொரித்து விற்கும் கடைகள் களைகட்டும். கையில் உள்ளூர் நோட்டு இருந்தால்தான் அங்கே நிம்மதியாகச் சாப்பிடலாம். கார்டு மெஷின் இருக்கும் என்று நம்பி அந்தக் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள்.

நோட்டுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரிலிருந்து பாலிமர் நோட்டுகள் வந்திருக்கின்றன. பச்சை நிற ஐந்து டாலரில் இருப்பவர் மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் கேப்டனாக இருந்த ஃபிராங்க் வொரெல். 1962இல் இதே பார்படோஸில் இந்தியக் கேப்டன் நாரி கான்ட்ராக்டருக்குத் தலையில் பந்து பட்டு உயிருக்குப் போராடியபோது ரத்தம் கொடுத்தவர் அவர். அந்த நோட்டைச் செலவழிக்க மனசே வராது! ஒரு டாலருக்கு நோட்டு கிடையாது, ஏழு பக்கக் காசுதான். அதில் பறக்கும் மீன் இருக்கும். இருட்டில் கால் டாலர் என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்திய ரூபாயை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். புறப்படும் முன்பே கொஞ்சம் அமெரிக்க டாலர் வாங்கிவிடுங்கள். மிச்சத்தை அங்கே ஏடிஎம்மில் உள்ளூர் டாலராக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் இருபதும் முப்பதுமாக அடிக்கடி எடுக்க வேண்டாம். அதற்காக மொத்தத்தையும் பையில் போட்டுக்கொண்டு கடலில் குளிக்கப் போகவும் கூடாது. ஒரு பகுதி அறையின் லாக்கரில் இருக்கட்டும்.

கார்டு மெஷின் கேட்கிற கேள்வி

சில ஹோட்டல்களிலும் கடைகளிலும் கார்டைச் செருகியதும் மெஷின் உங்கள் ஊர்ப் பணத்திலோ அமெரிக்க டாலரிலோ கட்டலாமே என்று கேட்கும். பழகிய பணமாக இருக்கிறதே என்று சரி சொல்லிவிடுவோம். அந்த இடத்தில்தான் பணம் போகிறது. அந்த மாற்று விகிதத்தை முடிவு செய்வது உங்கள் வங்கி இல்லை, கடைக்காரர் தரப்பு நிறுவனம். அதில் அவர்கள் லாபம் சேர்ந்திருக்கும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரலாம். எப்போதும் பார்படோஸ் டாலரையே தேர்ந்தெடுங்கள்.

மதிப்பு அசையாத கரன்சி என்பதால் இங்கே ஒரு வசதி இருக்கிறது. மற்ற நாடுகளில் மெஷின் காட்டும் ரேட் சரியா என்று நின்ற இடத்தில் சொல்ல முடியாது. இங்கே முடியும். பில் 200 என்றால் அமெரிக்க டாலரில் 100 வர வேண்டும். திரையில் 104 என்று வந்தால், அந்த 4 டாலர்தான் அவர்கள் எடுப்பது. மனக்கணக்கிலேயே தெரிந்துவிடும். பில் ஏற்கெனவே அமெரிக்க டாலரில் போட்டிருந்தாலும் இதே கணக்கால் சரிபார்க்கலாம்.

இனி நம் வங்கி எடுப்பது. இந்திய கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்-அப், அதாவது கூடுதல் கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் செலவழித்தால் நாலாயிரத்துக்கு மேல் இதிலேயே போகும். மார்க்-அப் குறைவான, அல்லது இல்லவே இல்லாத கார்டுகளும் கிடைக்கின்றன. போகுமுன் பார்த்துவைப்பது நல்லது. அமெரிக்க டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு இருந்தால் கட்டணமே வராது என்று நினைக்காதீர்கள். பில் பார்படோஸ் டாலரில் இருந்தால், கார்டில் இருப்பது வேறு கரன்சி என்று அதற்கும் தனிக் கட்டணம் பிடிக்கும் கார்டுகள் உண்டு. விதிமுறைகளில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். கிரெடிட் கார்டால் ஏடிஎம்மில் பணம் எடுப்பதை மட்டும் எந்த நிலையிலும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணம் தனி.

இன்னொன்று டெபாசிட். ஹோட்டலில் நுழைந்ததும், வாடகைக் கார் எடுக்கும்போதும், கார்டில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் லிமிட் கொஞ்சம் குறையும், தொந்தரவில்லை. டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் உங்கள் சொந்தப் பணமே முடங்கிவிடும். அறையைக் காலி செய்த பிறகும் அது திரும்பிவரப் பல நாள் ஆகலாம். டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டு, சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ரொக்கம் என்று பிரித்துக்கொண்டால் நடுவில் தவிக்க வேண்டியதில்லை.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யாமல் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020இலிருந்து புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் திறந்து வருகின்றன. கடை, ஏடிஎம், ஆன்லைன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கிறது. ஆன்லைனில் எதையாவது பதிவு செய்ய ஓடிபி வர வேண்டும், அதற்கு உங்கள் சிம்மில் ரோமிங் இருக்க வேண்டும். இரண்டு கார்டு இருந்தால் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள்.

பில்லைப் படிக்காமல் டிப்ஸ் வைப்பது

உணவகங்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே பில்லில் சேர்ந்திருப்பது சகஜம். அதைப் பார்க்காமல் அமெரிக்கப் பழக்கத்தில் இன்னொரு 15 சதவீதம் வைத்துவிட்டு வருகிறோம். நன்றாகக் கவனித்தார்கள் என்றால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் தெரிந்து கொடுங்கள். வாட் வரி 17.5 சதவீதம். மெனுவில் உள்ள விலையில் அது சேர்ந்ததா இல்லையா என்பது அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். தலைநகர் பிரிட்ஜ்டவுன் பிராட் தெருவின் வரியில்லாக் கடைகளுக்குப் போகும்போது பாஸ்போர்ட்டையும் திரும்பிச் செல்லும் டிக்கெட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

கூடுதல் நாட்களுக்குப் பணம் ஒதுக்காமல் போவது

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2024 ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுனில் டி20 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியே, பெரில் புயலால் விமான நிலையம் மூடப்பட்டு அங்கேயே மாட்டிக்கொண்டது. சிறப்பு விமானத்தில் அவர்கள் டெல்லி வந்து இறங்கியது ஜூலை 4. நமக்குச் சிறப்பு விமானம் வராது. அறை வாடகை, சாப்பாடு, மாற்று டிக்கெட் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மூன்று நாள் செலவைத் தொடாமல் வையுங்கள். அதில் ஒரு பகுதி ரொக்கமாக இருக்கட்டும். மின்சாரம் போனால் கார்டு மெஷினும் ஏடிஎம்மும் வேலை செய்யாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது, புயலால் தங்க நேர்ந்தால் செலவைத் தருவார்களா என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 1 அடிமை முறை ஒழிந்ததை நினைவுகூரும் விடுதலை நாள், அந்த மாதத்தின் முதல் திங்கள் கிராப் ஓவர் திருவிழாவின் கடைசி நாளான கடூமென்ட். இரண்டும் விடுமுறை, வங்கிகள் திறக்காது.

கிளம்புவதற்கு முந்தின நாளே கையிலுள்ள பார்படோஸ் நோட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஊருக்குக் கொண்டுவந்தால் மாற்றித்தர ஆள் கிடைப்பது கஷ்டம். ஹோட்டல் பில்லில் ஒரு பகுதியை அந்த ரொக்கத்தால் கட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் கார்டில் தேய்த்தால் போதும்.