பழைய ஓனர் பார்த்த கோலம்

அஸ்தம்பட்டியில் வாங்கிய வீட்டில் நாலு கேமரா, அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, அலாரம் எல்லாம் ஏற்கனவே இருந்தது, செலவு மிச்சம் என்று நினைத்தேன். குடிவந்த மூணாம் நாள் பழைய ஓனர் போனில், "வாசல்ல கோலம் அருமைங்க" என்கிறார்! பாவம், வெள்ளந்தி மனுஷன், ஆனால் நம்ம வீட்டுக் கேமரா இன்னும் அவர் போனில் தெரிகிறது என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

முதலில் அவர் ஆப்பிலிருந்தே டிவிஆரை நீக்கச் சொன்னேன், அவர் கணக்கில் இருக்கும்வரை என் போனில் சேர மறுத்தது. அப்புறம் ஃபேக்டரி ரீசெட் செய்து அட்மின் பாஸ்வேர்டு மாற்றி, ஹார்ட் டிஸ்க்கையும் ஃபார்மேட் செய்தேன், அவர்கள் வீட்டுப் படம் நமக்கெதற்கு?

அலாரத்தின் பழைய ரகசிய எண்களையும் அழித்தாச்சு. ஆனாலும் ராத்திரியெல்லாம் பீப் பீப். திறந்து பார்த்தால் உள்ளே 12 வோல்ட், 7 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், அதாவது கொள்ளளவு) பேட்டரி உப்பிக் கிடந்தது. புதுசு போட்டதும் சத்தம் நின்றது.